காத்திருக்க மனமில்லாதவரின் கத்தி

நியூயார்க் நகரம். 1950-களின் தொடக்கம். அபர்குரோம்பி அண்டு ஃபிட்ச் என்றால் இன்றைய இளைஞர்களுக்கு ஜீன்ஸும் சட்டையும்தான் ஞாபகம் வரும். அன்று அது வேறு மாதிரியான கடை. வேட்டைக்குப் போகிறவர், மீன் பிடிக்கப் போகிறவர், மலையேறுகிறவர் எல்லாருக்கும் தேவையானது அங்கே கிடைக்கும். தூண்டிலில் தொடங்கித் துப்பாக்கி வரை தரமான சரக்கு.

அந்தக் கடைக்குள் ஒருநாள் ஓர் இளைஞர் நுழைகிறார். வணிகக் கப்பலில் வேலை. கப்பல் கரையில் நிற்கும் நாட்களில் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர். பெயர், பாப் லவ்லெஸ். வயது இருபத்தைந்துக்குப் பக்கம். அவர் கேட்டது ஒரு கத்தி. சாதாரணக் கத்தி அல்ல, ராண்டல் என்பவர் கையால் செய்யும் கத்தி.

கத்தி இருப்பில் இல்லை. பெயரைப் பதிந்துகொண்டு போகலாம், கைக்கு வர ஒன்பது மாதம் ஆகும் என்று பதில் வந்தது.

கப்பலில் வேலை செய்கிறவருக்கு ஒன்பது மாதம் என்பது எந்தக் கடலில், எந்தத் துறைமுகத்தில் இருப்போம் என்றே தெரியாத காலம். லவ்லெஸுக்கு எரிச்சல். ‘இவ்வளவுதானே, நாமே செய்துகொண்டால் என்ன?’ என்று தோன்றிவிட்டது. நம்மில் பலருக்கும் இப்படித் தோன்றுவது உண்டு. வீட்டுக்கு வருவதற்குள் மறந்துபோகும். இவர் மறக்கவில்லை.

நியூஜெர்சி மாநிலத்தின் நெவார்க் நகரில் ஒரு பழைய இரும்புக் கிடங்கு. அங்கே 1937-ம் ஆண்டு மாடல் பேக்கார்டு கார் ஒன்று உடைந்து கிடந்தது. அதன் ஸ்பிரிங் இரும்பை வாங்கிக்கொண்டு கப்பலுக்குத் திரும்பினார். கப்பலில் கொல்லன் உலை ஏது? சமையற்கட்டில் எண்ணெயில் எரியும் அடுப்பு இருந்தது. அதிலேயே இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து, கத்தியாக்கினார்.

கார் ஸ்பிரிங்கை அவர் தேடிப் போனதில் ஒரு காரணம் இருக்கிறது. மேடு பள்ளத்தில் வண்டி குதிக்கும் ஒவ்வொரு முறையும் வளைந்து, மறுபடி நிமிர வேண்டிய இரும்பு அது. உடையாது. அதே சமயம் சூடேற்றிக் குளிரவைத்தால் கெட்டிப்பட்டுக் கூர் நிற்கும். நம்மூர்ப் பட்டறைகளில் லாரிப் பட்டையை வெட்டி அரிவாள் அடிப்பதும் இதே காரணத்துக்காகத்தான். 

செய்து முடித்த கத்தியை எடுத்துக்கொண்டு லவ்லெஸ் நேராகப் போனது அதே கடைக்கு. கத்தி இல்லை என்று சொன்ன கடைக்காரர்கள், அவருடைய கத்தியைப் பார்த்துவிட்டு, ‘நீங்களே எங்களுக்குச் செய்து கொடுங்கள்’ என்ற நிலைக்கு வந்தார்கள். டெலவேர் மாநிலத்தில் கிளேமான்ட் என்ற ஊரில் பட்டறை போட்டு, ‘டெலவேர் மெய்ட்’ என்று பெயர் பொறித்துக் கத்திகள் செய்ய ஆரம்பித்தார். 1954-லிருந்து 1960 வரை ஐந்நூறுக்கும் மேல். 

கதை இத்தோடு முடிந்திருந்தால் ‘முயற்சி திருவினையாக்கும்’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஆனால், இதில் ஒரு கேள்வி தொக்கி நிற்கிறது. அந்த முதல் கத்தியைச் செய்தபோது லவ்லெஸின் மனத்தில் இருந்தது யாருடைய கத்தி? ராண்டலுடையது. அப்படியானால் அதை அவருடைய சொந்த வடிவம் என்று எப்படிச் சொல்வது?

படகு சுரண்டிய கத்தி

பதில் தெரிய, இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 

ராண்டலின் முழுப்பெயர் வால்டர் டோன் ராண்டல். ‘போ’ என்று கூப்பிடுவார்கள். ஃப்ளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ பகுதியில் ஆரஞ்சுத் தோப்பு வைத்திருந்த குடும்பம். கொல்லருமல்ல, கொல்லர் வீட்டுப் பிள்ளையுமல்ல.

1930-களின் நடுவில் ஒரு கோடைக்காலம். வடக்கே மிச்சிகன் மாநிலத்தில் வாலூன் ஏரிக்கரையில் ராண்டல் தங்கியிருந்தார். அங்கே ஒருவர் தன் படகின் பழைய பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்டியது ஒரு கத்தியால். காய்ந்து இறுகிய பெயின்ட்டைக் கத்தியால் சுரண்டினால் என்னவாகும்? கூர் மழுங்கும், வாயில் பல் விழும். இந்தக் கத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. ராண்டலுக்குக் கண்ணை எடுக்க முடியவில்லை. அந்தக் கத்தியை விலைகொடுத்து வாங்கிவிட்டார்.

அது பில் ஸ்கேகல் செய்த கத்தி. 

ஸ்கேகல் மிச்சிகனில் தனியாகப் பட்டறை வைத்துக்கொண்டு வாழ்ந்த மனிதர். தோல் வட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முடிவில் மான்கொம்புத் துண்டு ஒன்றைப் பொருத்திப் பிடி செய்வார். தோல் அடுக்கு கைக்கு இதமாக இருக்கும், ஈரத்தில் வழுக்காது. கொம்பு கையிலிருந்து கத்தி நழுவாமல் நிறுத்தும். போலியோ தாக்கிய காலத்தில் குழந்தைகளின் கால்களுக்குத் தாங்குகட்டைகளும் செய்து கொடுத்தவர் அவர். பிஞ்சுக் காலுக்கு எங்கே அழுத்தும், எங்கே உறுத்தும் என்று யோசித்த கை அது. கத்திப் பிடியிலும் அந்த யோசனை இருந்ததில் வியப்பில்லை.

ராண்டல் ஊருக்குத் திரும்பி, வாங்கிய கத்தியை முன்னால் வைத்துக்கொண்டு தானும் ஒன்று செய்து பார்த்தார். பார்த்த நண்பர்கள் தங்களுக்கும் கேட்டார்கள். பொழுதுபோக்கு தொழிலானது. ஸ்கேகலோடு பழக்கமும் ஏற்பட்டது. மூத்தவர், இளையவருக்கு நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுத்தார். ‘என் கத்தியைப் பார்த்துக் காப்பி அடிக்கிறாயா?’ என்று அவர் விரட்டியிருந்தால், ஆர்லாண்டோவில் ஒரு பட்டறை உருவாகியிருக்காது. இன்று அந்தப் பட்டறையோடு இணைந்த அருங்காட்சியகத்தில் ஸ்கேகலின் கத்திகள் தனி மரியாதையோடு வைக்கப்பட்டிருக்கின்றன.

ஆக, ஸ்கேகலின் கத்தியிலிருந்து ராண்டல். ராண்டலின் கத்தியிலிருந்து லவ்லெஸ். இதில் இன்னொரு சுவாரஸ்யம், ஸ்கேகலின் கத்திகளையும் ஒருகாலத்தில் விற்றது அதே அபர்குரோம்பி கடைதான். 

கேட்கிறவர் சொல்லும் குறை

பார்த்துச் செய்வது முதல் படி. அதிலேயே நின்றுவிட்டால் அது வெறும் நகல். ராண்டல் அங்கே நிற்கவில்லை. இரண்டாம் உலகப்போர் வந்தது. போர்முனைக்குப் போகிறவர்கள் தங்களுக்கென்று கத்தி கேட்டு வந்தார்கள். வேட்டைக்காரருக்கு வேண்டியது வேறு, சிப்பாய்க்கு வேண்டியது வேறு. சிப்பாய்க்குச் சண்டைக்கும் உதவ வேண்டும், கூடாரக் கயிறு அறுக்கவும், டப்பாவைத் திறக்கவும் உதவ வேண்டும். அவர்கள் சொல்லச் சொல்ல வடிவம் மாறியது. ராண்டல் பட்டறையின் பட்டியலில் முதல் எண் இன்றும் அந்தப் போர்க்காலக் கத்திக்குத்தான்.

பிறகு விண்வெளி வீரர்கள் வந்தார்கள். அமெரிக்காவின் மெர்குரி திட்டத்தில் ஒரே ஆள் உட்காரும் சின்னஞ்சிறு கலம். திரும்பி வரும்போது கடலில் விழும். இடம் தவறிக் காட்டில் விழுந்தாலும் விழலாம். அப்போது கலத்தை வெட்டிக்கொண்டு வெளியேற வேண்டியிருக்கலாம், உதவி வரும்வரை பிழைத்திருக்கவும் வேண்டும். வீரர்களில் ஒருவரான கார்டன் கூப்பர், ராண்டலோடு சேர்ந்து யோசித்ததில் ‘ஆஸ்ட்ரோ’ என்ற கத்தி பிறந்தது. 

1961 ஜூலையில் கஸ் கிரிஸ்ஸம் சென்று திரும்பிய ‘லிபர்ட்டி பெல் 7’ கலம், அட்லான்டிக் கடலில் இறங்கியதும் கதவு திறந்துகொண்டு நீர் புகுந்து மூழ்கியது. கிரிஸ்ஸம் நீந்தித் தப்பினார். கலம் கடலடிக்குப் போய்விட்டது. 38 ஆண்டுகள் கழித்து, 1999 ஜூலையில் அதை மேலே கொண்டுவந்தார்கள். உள்ளே அந்தக் கத்தியும் இருந்தது.

வடிவத்துக்கான யோசனை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இது இரண்டாவது பதில். முதலில், ஏற்கெனவே இருக்கும் ஒரு நல்ல பொருளிலிருந்து. அடுத்து, அதைப் பயன்படுத்தப் போகிறவரின் கஷ்டத்திலிருந்து.

முனையை இறக்கியவர்

இனி லவ்லெஸின் பட்டறைக்குத் திரும்புவோம். 

அன்றைய வேட்டைக் கத்திகளில் பலவற்றுக்கு முனை மேல்நோக்கித் தூக்கியிருக்கும். கத்தியின் முதுகுப் பக்கத்தில் ஒரு துண்டைக் கடித்து எடுத்ததுபோல வெட்டி, முனையை ஊசியாக்கியிருப்பார்கள். பார்க்க மிடுக்காக இருக்கும். ஆனால் வேட்டைக்காரர்களுக்கு அதில் ஒரு தொல்லை. வேட்டையாடிய மானின் வயிற்றைக் கிழித்துக் குடலை அப்புறப்படுத்தும்போது, மேல்நோக்கிய அந்த முனை குடலைக் குத்திவிடும். குடலில் இருப்பது இறைச்சியில் சிந்தினால் இறைச்சி பாழ். ஒரு குடும்பத்தின் குளிர்கால உணவு வீணாகிப்போகும்.

லவ்லெஸ் முனையைக் கீழே இறக்கினார். கத்தியின் முதுகு, பிடியிலிருந்து கிளம்பி மெல்ல வளைந்து சரிந்து, முனையில் முடிகிறது. முனை குத்திக்கொண்டு நிற்காது. முதுகின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து, முனை எங்கே போகிறது என்று உணர்ந்துகொண்டே வெட்டலாம். முனைக்குப் பின்னால் இரும்பு தடிமனாக இருப்பதால் ஒடியாது. இறங்கிய முனையுள்ள கத்திகள் அதற்கு முன் உலகில் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வளைவைச் செம்மைப்படுத்தி, வேட்டைக் கத்தி என்றாலே இதுதான் என்று கத்தி செய்கிறவர்களும் வாங்குகிறவர்களும் ஏற்கும்படி செய்தவர் லவ்லெஸ். 

அலகின் இரு பக்கங்களையும் அவர் சக்கரத்தில் வைத்து உட்குழிவாகத் தேய்த்தார். இதனால் வாய்ப்பகுதி மெலிந்து, வெட்டு லேசாக இறங்கும். முதுகு தடித்தே இருப்பதால் பலமும் குறையாது. 

அடுத்து, பிடி. கத்தியின் இரும்பு பிடிக்குள்ளும் வால்போல ஓடுகிறது. அந்த வால் குட்டையாக இருந்தால் பிடி ஆட்டம் காணும். பிடியின் கடைசி வரை முழு அகலத்தில் ஓடினால் உறுதி, ஆனால் கனம். கை வலிக்கும். லவ்லெஸ் வாலைக் கடைசி வரை ஓடவிட்டு, போகப் போகத் தடிமனைக் குறைத்துக்கொண்டே போனார். உறுதியும் இருந்தது, கனமும் குறைந்தது. கத்தி கையில் சமநிலையாக உட்கார்ந்தது. பிடியின் இரு பக்கப் பட்டைகளையும் வெறும் ஆணியடித்து நிறுத்தாமல், மரையுள்ள திருகாணிகளால் இறுக்கினார். 

இதெல்லாம் ஒரே நாளில் வந்த ஞானம் இல்லை. ஒவ்வொரு கத்தியிலும் ஏதோ ஒன்று இடறியிருக்கிறது, அடுத்த கத்தியில் அது சரியாகியிருக்கிறது. கப்பல் அடுப்பில் கையில் கிடைத்த இரும்பைக் காய்ச்சிய அதே மனிதர், 1972-ல் கத்தி உலகத்துக்கே புதிய இரும்பு ஒன்றை அறிமுகம் செய்தார். ‘154சிஎம்’ என்ற அந்த எஃகு, ஜெட் விமான இன்ஜின்களின் பாகங்களுக்காக உருவானது. துருவை எதிர்க்கும், கூரும் நெடுநாள் நிற்கும். விமானத்துக்குள் கிடந்த இரும்பில் ஒரு கத்தியைப் பார்ப்பதற்கும், உடைந்த காருக்குள் ஒரு கத்தியைப் பார்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் ஒரே கண்தான்.

பூட்டி வைக்காத பட்டறை

இங்கேதான் கதையின் முக்கியமான இடம் வருகிறது. 

பேர் வந்தாயிற்று. ஆர்டர்கள் குவிகின்றன. முன்பு ஒன்பது மாதம் காத்திருக்க மாட்டேன் என்று கிளம்பியவரின் கத்திக்கு இப்போது மற்றவர்கள் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் ஒரு தொழிலாளி என்ன செய்வார்? கண்டுபிடித்ததை மறைத்து வைப்பார். பட்டறைக்குள் வெளியாளை விடமாட்டார். அதில் தவறு சொல்லவும் முடியாது. அது அவர் சோறு.

லவ்லெஸ் நேர்மாறாக நடந்துகொண்டார். 1970-ல் அமெரிக்காவில் கத்தி செய்கிறவர்கள் சேர்ந்து சங்கம் அமைத்தபோது அதைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். இளைஞர்களைப் பட்டறையில் சேர்த்துக்கொண்டு வேலை கற்றுக்கொடுத்தார். 1977-ல் ரிச்சர்ட் பார்னியோடு சேர்ந்து, கத்தி செய்வது எப்படி என்று ஒரு புத்தகமே எழுதிவிட்டார். இரும்பைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து பிடி பொருத்துவது வரை படிப்படியாக, படங்களோடு. காசு கொடுத்து அந்தப் புத்தகத்தை வாங்குகிற யாரும் லவ்லெஸின் வழியிலேயே கத்தி செய்து பார்க்கலாம். 

செய்தும் பார்த்தார்கள். வீட்டுக் கொட்டகையில் சாணைச் சக்கரம் வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் அந்தப் புத்தகத்தோடு தொடங்கினார்கள். ஜப்பானில் அவருடைய வடிவங்களுக்குத் தனி மோகமே ஏற்பட்டது. வாள் செய்வதில் நூற்றாண்டுகளின் பெருமையுள்ள நாட்டில், கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு நகரத்துக் கத்திக்காரர் ஒருவரின் வளைவை வரைந்து பழகினார்கள்.

இதற்கு அவர் ஒரு விலையும் கொடுத்தார். அவரிடம் கற்று, அவர் பெயரைச் சொல்லி, தங்கள் முத்திரையைப் பொறித்து விற்றவர்கள் ஒரு பக்கம். அவருடைய முத்திரையையே திருட்டுத்தனமாகப் பொறித்துப் போலிகளை விற்றவர்கள் இன்னொரு பக்கம். லவ்லெஸ் கத்தி என்று வாங்குகிறவர்கள் இன்றும் அசலா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. 

பார்த்துக் கற்பதற்கும் திருடுவதற்கும் நடுவில் உள்ள கோடு இங்கேதான் தெளிவாகிறது. ராண்டல் ஸ்கேகலின் கத்தியைப் பார்த்துச் செய்தார், ஆனால் தன் பெயரைப் பொறித்தார், ஸ்கேகலின் பெயரை மறைக்கவும் இல்லை. லவ்லெஸ் ராண்டலின் கத்திக்கு ஆசைப்பட்டுத் தொடங்கினார், அந்தக் கதையை ஒளிக்கவில்லை. இன்னாரிடமிருந்து வந்தது என்று சொல்லிக்கொண்டு தன்னுடையதைச் சேர்ப்பவர் கற்றுக்கொண்டவர். ஒன்றையும் சேர்க்காமல் பெயரை மட்டும் எடுத்துக்கொள்கிறவர் திருடியவர்.

அடுத்த முறை கடைக்குப் போனால்…

மான் அறுப்பதும் விண்வெளிக்குப் போவதும் நமக்கு இல்லை. ஆனால் வெங்காயம் தினமும் உண்டு. இந்த மூவரும் பட்டறையில் பட்டுத் தெரிந்துகொண்டது சமையல் கத்தி வாங்கும்போதும் கைகொடுக்கும். 

பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் பிடியைப் பாருங்கள். இரும்பு பிடியின் கடைசி வரை ஓடுகிறதா, பாதியில் நிற்கிறதா? பாதியில் நின்றால் சீக்கிரமே ஆட்டம் காண வாய்ப்பு அதிகம். ஆணிகள் பிடியின் மட்டத்தோடு வழவழப்பாக இருக்கின்றனவா? துருத்திக்கொண்டிருந்தால் கை காய்த்துப்போகும். பிடிக்கும் அலகுக்கும் நடுவில் இடுக்கு இருந்தால் அழுக்கும் ஈரமும் அங்கேதான் தங்கும். கடைசியாக, கத்தியைக் கையில் எடுத்து, வெட்டுவதுபோல இரண்டு முறை அசைத்துப் பாருங்கள். முன்பக்கம் இழுக்கக் கூடாது, பின்பக்கம் சாயவும் கூடாது. வீட்டில் அதிகம் நறுக்குகிறவர் யாரோ, அவர் கைதான் இதற்குத் தராசு. கடைக்காரர் கையல்ல.

ஸ்கேகல் 1963-ல் மறைந்தார். ராண்டல் 1989-ல். லவ்லெஸ் 2010 செப்டம்பரில், எண்பத்தோராவது வயதில். ராண்டல் பட்டறையை இன்றும் அவருடைய குடும்பத்தார்தான் நடத்துகிறார்கள். இன்றும் அங்கே ஆர்டர் கொடுத்தால் கத்தி உடனே கிடைக்காது. காத்திருக்கத்தான் வேண்டும், ஒன்பது மாதத்தைவிட அதிகமாகவே. 

அந்தப் பட்டியலில் பெயர் எழுதிவிட்டு வெளியே வரும் யாராவது ஒருவர், வீட்டுக்குப் போகும் வழியில் பழைய இரும்புக் கடை வாசலில் வண்டியை நிறுத்தக்கூடும்.